‘லாம்’ என்றனர்! ‘வேண்டும்’ என்றோம்!

சென்ற வாரம் பஞ்சாலைத் தோழர் ஒருவர் நமது அலுவலகப் படியேறி வந்தார். இரவு ஷிப்டு பார்த்துச் சிவந்த கண்கள். சட்டைப் பையிலே நாலாக மடித்த காகிதம். பிரித்து மேசைமீது வைத்தார். அவருடைய ஆலை நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் மூன்றாண்டுக்கு முன் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் நகல். முழுவதும் ஆங்கிலம்.

“ஏழாவது ஷரத்தைப் படிச்சுப் பாருங்கண்ணே” என்றார்.

படித்தோம். பொங்கலுக்குப் பதினைந்து நாள் முன்னதாக, தொழிலாளருக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தைப் பண்டிகை முன்பணமாக நிர்வாகம் வழங்க ‘மே’ என்று எழுதியிருந்தது.

முதலாண்டு கொடுத்தார்கள். இரண்டாமாண்டு இழுத்தடித்துக் கொடுத்தார்கள். மூன்றாமாண்டு கையை விரித்துவிட்டார்கள். சங்கத்தார் போய்க் கேட்டபோது மேலாளர் சீறவில்லை, சினக்கவில்லை. அதே காகிதத்தை எடுத்தார். அதே ஏழாவது ஷரத்திலே ஒரே ஒரு சொல்லின்மீது பேனா முனையை வைத்தார். “‘மே’ என்றுதானே போட்டிருக்கிறது? ‘ஷல்’ என்றா போட்டிருக்கிறது?” என்றாராம்.

தோழர் நம்மைக் கேட்டார்: “ஏண்ணே, பள்ளிக்கூடத்திலே தினம் தினம் வாசற்படியிலே நின்னு ‘மே ஐ கம் இன் சார்’னு கேட்டோமே, அந்த ‘மே’தானே இது? அது மரியாதைச் சொல்லுன்னுல்ல நினைச்சோம்!”

மரியாதைச் சொல்தான், தோழரே! கேட்பவன் வாயில் இருக்கும்வரையில் மரியாதைச் சொல். கொடுப்பவன் கைக்குப் போய்விட்டால் அதற்கு வேறு குணம்!

மூன்றே எழுத்து. எம், ஏ, ஒய். ஆட்டுக்குட்டி கத்துவது போன்ற ஓசை. தொழிலாளர் திருநாள் வருகின்ற திங்களுக்கும் அதே பெயர். ஆனால் அதற்கும் இதற்கும் உறவில்லை. திங்களின் பெயர் பழைய ரோமாபுரி தெய்வமொன்றின் வழிவந்தது என்பார்கள். நம் தோழரின் பொங்கலை விழுங்கிய ‘மே’ வேறு குலம், வேறு கோத்திரம்.

அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்திலே என்ன பொருள்? நம் தமிழிலே ‘லாம்’ என்று ஒரு வால் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான். “உள்ளே வரலாம்” என்றால் அனுமதி. “மழை வரலாம்” என்றால் ஐயம். வந்தாலும் வரும், வராமல் போனாலும் போகும். ஒரே வால், இரண்டு வேலை! மூன்றாவதாக ஒரு வேலையும் தமிழிலே அதற்கு உண்டு. வேலை கேட்டு, கடன் கேட்டு, கூலி உயர்வு கேட்டு ஒரு பெரிய மனிதரிடம் போய் நில்லுங்கள். “பார்க்கலாம்” என்பார். அந்த ‘லாம்’ அனுமதியுமல்ல, ஐயமுமல்ல. வாசலைக் காட்டுகிற வார்த்தை! இதற்கு அகராதி தேவையில்லை. கால் தேய நடந்தவர் எவரும் பொருள் சொல்வார்.

சொல்லின் வேரைத் தோண்டினால் இன்னும் வேடிக்கை. ‘மே’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்திலே ‘ஆற்றல் உடையவனாயிருத்தல்’ என்பது பொருள். வலிமை எனப் பொருள்படும் ‘மைட்’ அதன் உடன்பிறப்பு. ஜெர்மானியர் அதிகாரத்தை ‘மாக்ட்’ என்கிறார்களே, அதுவும் அதே குடும்பம். ஆக, முதலிலே வலிமை. பிறகு அந்த வலியவன் தருகிற அனுமதி. பிறகு அவன் தந்தாலும் தருவான், தராமலும் போவான் என்கிற ஐயம்! சமுதாயத்தின் கதையையே மூன்றெழுத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

‘ஷல்’ அப்படியல்ல. பழைய ஆங்கிலத்திலே அதற்குப் பொருள் ‘கடன்பட்டிருக்கிறேன்’ என்பது. ஜெர்மன் மொழியில் கடனுக்கும் குற்றத்துக்கும் ‘ஷுல்ட்’ என்று ஒரே பெயர். அதுவும் இதன் உறவு. நமக்கு இது புதுமையா? இல்லை. கைநீட்டி வாங்கியதும் கடன், செய்தே தீரவேண்டியதும் கடன் என்று இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் தமிழர்கள். ‘ஷல்’ என்று எழுதிக் கையொப்பமிட்டவன் கடன்காரன். ‘மே’ என்று எழுதிக் கையொப்பமிட்டவன் கொடை வள்ளல்; மனம் வந்தால் தருவான்!

அந்தக் காலத்து ஆங்கில இலக்கண வாத்தியார்கள் ஒரு கதை சொல்லுவார்கள். ஆங்கிலம் அரைகுறையாகப் படித்த அயல்நாட்டான் ஆற்றிலே விழுந்துவிட்டானாம். “ஐ வில் ட்ரவுன், நோபடி ஷல் சேவ் மீ” என்று கத்தினானாம். ‘மூழ்கப் போகிறேனே, காப்பாற்ற ஆளில்லையே’ என்று அழுவதாக அவன் நினைப்பு. கரையில் நின்ற கனவான்களுக்கோ, ‘நான் மூழ்கியே தீருவேன், எவனும் என்னைக் காப்பாற்றக் கூடாது’ என்று கட்டளையிடுவதாகக் கேட்டதாம். தொப்பியைக் கழற்றி மரியாதை செய்துவிட்டுப் போய்விட்டார்களாம்! ‘வில்’ எங்கே வரும், ‘ஷல்’ எங்கே வரும் என்று 1653இலேயே ஜான் வாலிஸ் என்பார் லத்தீனில் இலக்கணம் வகுத்து வைத்தார். அந்த இலக்கணம் தெரியாதவன் செத்தான் என்பது கதை.

கதை கிடக்கட்டும். இந்தச் சொற்களுக்காகத் தமிழ்நாட்டிலே மெய்யாகவே செத்தார்கள்.

இந்திய அரசியல் சட்டத்தின் 343ஆம் விதியை எடுத்துப் பாருங்கள். மூன்று உட்பிரிவு. முதலாவது: ஒன்றியத்தின் ஆட்சிமொழி இந்தி. அங்கே போட்டிருக்கும் சொல் ‘ஷல்’. இரண்டாவது: 1950 சனவரி 26 தொடங்கிப் பதினைந்து ஆண்டுக் காலம் ஆங்கிலம் தொடர்ந்து பயன்பட்டு வரும். அங்கேயும் ‘ஷல்’. மூன்றாவது: பதினைந்து ஆண்டு கழிந்த பிறகும் ஆங்கிலம் வேண்டுமானால் பார்லிமெண்டு சட்டம் செய்யும். இங்கே என்ன சொல் தெரியுமா? ‘மே’! செய்தாலும் செய்யும், செய்யாவிட்டாலும் கேள்வியில்லை.

பார்த்தீர்களா பந்தி விசாரணையை? இந்திக்குக் கெடுவில்லாத ‘ஷல்’. ஆங்கிலத்துக்குப் பதினைந்தாண்டு ‘ஷல்’. அதற்குப் பிறகு ‘மே’. எழுதியவர்கள் எழுத்தறியாதவர்களா? ஒவ்வொரு சொல்லையும் தராசிலே போட்டு நிறுத்த சட்ட மேதைகள்! வேறுபாடு தெரிந்துதான் வேறு வேறு சொல் போட்டார்கள்.

கெடு முடிகிற நாள் 1965 சனவரி 26. அதற்கு முன்னரே, 1959 ஆகஸ்டில், பண்டித நேரு பார்லிமெண்டிலே ஓர் உறுதிமொழி தந்தார். இந்தி பேசாத மக்கள் விரும்புகிறவரையில் ஆங்கிலம் துணைமொழியாக இருக்கும். அந்த முடிவை அவர்களிடமே விடுவேன் என்பது அதன் சாரம். நல்ல சொல். நாட்டின் தலைவர் நாடறியச் சொன்ன சொல். அதைச் சட்டமாக்குவதாகச் சொல்லி 1963 ஏப்ரலில் ஆட்சிமொழி மசோதா வந்தது. மே 10இல் சட்டமாயிற்று. மூன்றாவது பிரிவைப் பிரித்துப் பார்த்தால், பதினைந்தாண்டு முடிந்த பின்னரும் இந்தியோடு கூட ஆங்கிலம் தொடர்ந்து பயன்பட ‘மே’!

வாய் ‘இருக்கும்’ என்றது. தாள் ‘இருக்கலாம்’ என்றது.

அந்தச் சட்டத்திலேயே இன்னொரு பிரிவு. பத்தாண்டு கழித்து இந்தி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஆராயக் குழு அமைப்பது பற்றியது அது. குழு அமைக்கப்பட ‘ஷல்’ என்று அங்கே அழுத்தந்திருத்தமாகப் போட்டிருந்தது! ஆங்கிலத்துக்கு ஐயம், ஆராய்ச்சிக் குழுவுக்கு உறுதி. அடுத்தடுத்த பிரிவிலே அடுக்கி வைத்திருந்தார்கள்.

அறிஞர் அண்ணா அப்போது மாநிலங்களவையில் இருந்தார். மக்களவையிலே கழகத்தார் ஏழே ஏழு பேர். எண்ணிக்கையைப் பார்த்து எள்ளி நகைத்தவர்கள் உண்டு. ஆனால் கேட்ட கேள்வி ஒரே ஒரு சொல்லைப் பற்றியது: ‘மே’யை எடுத்துவிட்டு ‘ஷல்’லைப் போடுங்கள். நேரு பண்டிதர் என்ன விளக்கம் தந்தார்? இந்த இடத்திலே ‘மே’ என்றாலும் ‘ஷல்’ என்றாலும் பொருள் ஒன்றே என்றார். கழகத்தார் விட்டார்களா? இரண்டும் ஒன்றேயானால் நாங்கள் கேட்கிற சொல்லையே போட்டுவிடுவதிலே உங்களுக்கு என்ன நட்டம் என்று திருப்பிக் கேட்டார்கள். அதற்கு அன்றும் விடையில்லை. பிறகும் விடை வந்ததாக நாமறியோம்.

நேரு பொய் சொன்னார் என்று நாம் சொல்லமாட்டோம். அது நியாயமும் ஆகாது. ‘மே’ என்பதைச் சில வேளை ‘ஷல்’ எனப் படித்த நீதிபதிகள் உண்டு. 1880இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபைக்கு ஒரு வழக்கு வந்தது. பாதிரியார் ஒருவர்மீது அவருடைய வட்டாரத்துக்காரர் புகார் கொடுத்தார். ஆக்ஸ்போர்டு பிஷப் விசாரணைக்கு உத்தரவிட மறுத்துவிட்டார். உத்தரவிட்டுத்தான் ஆகவேண்டுமா என்பது கேள்வி. சட்டத்திலே பிஷப்புக்கு அதிகாரம் தருகிற சொற்கள்தான் இருந்தன. பிரபுக்கள் சொன்னார்கள்: அத்தகைய சொல் தன்னளவில் அதிகாரத்தைத்தான் தரும், யாருடைய நன்மைக்காக, எந்த நோக்கத்துக்காக அந்த அதிகாரம் தரப்பட்டதோ, அதைப் பொறுத்துச் சில இடங்களில் கடமையும் சேர்ந்துகொள்ளும் என்று. பிஷப்பைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது தீர்ப்பு. பிஷப் தப்பித்தார், விதி நிலைத்தது. இந்திய நீதிமன்றங்களும் அதே வழியிலேதான் போகின்றன.

ஆகவே ‘மே’ என்பது ‘ஷல்’ ஆகக்கூடும். எப்போது? வழக்குப் போட்டு, வாய்தா வாங்கி, மேல்முறையீடு முடிந்து, நீதிபதி அந்தப் பக்கம் சாய்ந்தால்! ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்துகொள்ள ஏழை இவ்வளவு தூரம் போகவேண்டுமா? எழுதும்போதே இரண்டு எழுத்தைக் கூடப் போட்டிருந்தால் தீர்ந்தது வேலை!

இன்னொன்று. நேருவின் நெஞ்சிலே ‘மே’ என்றால் ‘ஷல்’ என்றே இருந்திருக்கட்டும். அந்த நெஞ்சு 1964 மே 27இல் நின்றுவிட்டது. கெடு நாளுக்கு அப்போது எட்டு மாதம் பாக்கி. மனிதர் போனார்; சட்டத்தில் இருந்த மூன்றெழுத்து மட்டும் அப்படியே இருந்தது. அடுத்து வருகிறவர் எப்படிப் படிப்பாரோ என்கிற அச்சத்தைத்தான் அண்ணா எழுப்பினார். 1963 நவம்பரிலே அரசியல் சட்டத்தின் 17ஆம் பகுதியை, மொழிப் பகுதியை, கொளுத்தும் கிளர்ச்சிக்காகச் சிறைக்கும் போனார். ‘ஒரு சொல்லுக்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம்’ என்று கேலி பேசினார்கள் மேதாவிகள்.

1964 சனவரி 25இல் திருச்சியிலே கீழப்பழுவூர் சின்னசாமி தன்னுடலைத் தீக்கு இரையாக்கினார். 1965 சனவரியில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் என்று நெருப்பிலே போனவர்கள் வரிசை நீண்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டினார். மத்திய மந்திரிகள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் பிப்ரவரி 11இல் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அதே நாளிலே பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் வந்து, நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்றார். மறுபடியும் வாய்ச்சொல்! தாளிலே இருந்த சொல் அசையவில்லை. அசைவதற்கு 1967 தேர்தல் வரவேண்டியிருந்தது.

இனித்தான் நமது தோழர்களில் பலரும் கவனிக்காத செய்தி. 1968 சனவரி 8இல் திருத்தச் சட்டம் வந்தது. ‘மே’ ஒழிந்தது, ‘ஷல்’ வந்தது என்று மேடையிலே நம்மவர்களே முழங்கக் கேட்டிருக்கிறோம். கைதட்டவும் செய்திருக்கிறோம். சட்டத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். மூன்றாவது பிரிவின் முதல் வரியிலே அந்த ‘மே’ இன்றைக்கும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது! அதை எடுக்கவில்லை. அதைச் சுற்றி வேலி போட்டார்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றிய அரசு கடிதப் போக்குவரத்து நடத்த ஆங்கிலம் பயன்பட ‘ஷல்’. தீர்மானம், பொது உத்தரவு, விதி, அறிவிக்கை எல்லாவற்றுக்கும் இந்தியும் ஆங்கிலமும் இரண்டுமே பயன்பட ‘ஷல்’. எல்லாவற்றுக்கும் மேலாக ஐந்தாவது உட்பிரிவு: இந்தியை ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் ஆங்கிலம் போதுமென்று தீர்மானம் போட்டு, அதன் பிறகு பார்லிமெண்டின் இரு சபைகளும் தீர்மானம் போடுகிறவரையில், இந்த ஏற்பாடு நிலைத்திருக்க ‘ஷல்’!

ஒரு மாநிலம் மறுத்தாலும் போதும், அசையாது. புலியைக் கொல்லவில்லை, கூண்டிலே அடைத்துக் கம்பிக்குக் கம்பி ‘ஷல்’ வைத்தார்கள். கூண்டின் கம்பி எது என்று தெரியாமல் ‘புலி செத்தது’ என்று முழங்கிக் கொண்டிருந்தால், கம்பியை எவனாவது அறுக்கும்போது நமக்குத் தெரியாது. (அந்தத் திருத்தத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு மொழித் தீர்மானமும் வந்து, அதற்கும் இங்கே கிளர்ச்சி நடந்தது தனிக் கதை. இன்னொரு நாள் எழுதுவோம்.)

டில்லிக் கதை போதும், பஞ்சாலைக்கு வருவோம். பார்லிமெண்டிலே செய்த அதே வித்தையைத்தான் ஆலை வாசலிலும் செய்கிறார்கள். தொழிலாளிக்கென்றே செய்த சட்டத்திலேயும் செய்திருந்தார்கள். 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டத்தில் 12ஆம் பிரிவு என்ன சொன்னது? தகராறு எழுந்தால் சமரச அதிகாரி பேச்சு நடத்த ‘மே’; ஆனால் பொதுப் பயன்பாட்டுத் தொழிலில் முறைப்படி வேலைநிறுத்த அறிவிப்பு கொடுத்திருந்தால் நடத்த ‘ஷல்’. ஒரே வாக்கியத்திலே இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள்! இரண்டும் ஒன்றுதான் என்று இனி எவரேனும் சொன்னால், அந்த வாக்கியத்தைக் காட்டுங்கள்.

10ஆம் பிரிவும் அப்படியே. தகராறை நீதிமன்றத்துக்கு அனுப்ப சர்க்காருக்கு ‘மே’. இரு தரப்பும் சேர்ந்தோ தனித்தனியாகவோ உரிய முறையில் விண்ணப்பித்தால் அனுப்ப ‘ஷல்’. முதலாளி எங்கே விண்ணப்பிக்கப் போகிறார்? ஆகவே தொழிலாளிக்குக் கிடைத்ததெல்லாம் ‘மே’தான். பம்பாய் மாகாணத்திலே போனஸ் கேட்ட தொழிலாளரின் தகராறை, ‘நீங்கள் அந்த ஆண்டிலே வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்தீர்கள்’ என்று சொல்லி அனுப்ப மறுத்தது சர்க்கார். 1952-53ஆம் ஆண்டு போனஸ். 1960இலேதான் சுப்ரீம் கோர்ட்டு, இது பொருந்தாத காரணம், திரும்ப யோசியுங்கள் என்று சொல்லிற்று. ஏழெட்டு ஆண்டு! அந்த வழக்கிலே தொழிலாளியைக் காப்பாற்றியது எது? அனுப்ப மறுத்தால் காரணத்தைப் பதிவு செய்து தெரிவிக்க ‘ஷல்’ என்று 12ஆம் பிரிவின் மூலையிலே கிடந்த இன்னொரு சொல்! காரணத்தை எழுத வைத்ததால்தான் அது நொண்டிக் காரணம் என்று கோர்ட்டுக்குத் தெரிந்தது.

அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. சங்கத் தோழர்கள் அதை வாங்கி வைத்திருப்பார்கள். எந்த வரியில் எந்தச் சொல் என்று பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறார்களா என்பதுதான் நமது கேள்வி.

‘ஷல்’ என்பது மந்திரக்கோல், தொட்டதும் பொன்னாகிவிடும் என்று நாம் சொல்லவரவில்லை. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே 1995இல், வழக்கறிஞர்கள் ‘ஷல்’லைச் சில வேளை ‘மே’ என்ற பொருளிலும் எழுதிவிடுகிறார்கள் என்று சொல்ல நேர்ந்தது. 2007இல் அங்கே சிவில் வழக்கு விதிகளைத் திருத்தி எழுதியபோது ‘ஷல்’லையே தூக்கிவிட்டு, பெரும்பாலான இடங்களில் ‘மஸ்ட்’ என்று போட்டார்கள். நம் சங்கங்களும் அப்படிப் போடச் சொல்லிக் கேட்பதிலே தவறில்லை. தமிழிலேயே ஒப்பந்தம் எழுதி, ‘வழங்க வேண்டும்; இத்தனாம் தேதிக்குள் வழங்க வேண்டும்; தவறினால் இன்னது’ என்று போட்டுவிட்டால் இன்னும் நல்லது. படித்தவுடன் புரியும், பேனா முனையை வைத்து மறைக்க முடியாது.

தோழரின் காகிதத்துக்கு வருவோம். அவர் போன பிறகு ஆறு பக்கத்தையும் முதலிலிருந்து படித்தோம். பண்டிகை முன்பணம், சீருடை, காண்டீன் மானியம், இரவுப்படி, நிரந்தரமாக்கல் என்று பதினோரு இடத்திலே ‘மே’ இருக்கிறது. ‘ஷல்’ இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நான்கு இடத்தில். தொழிலாளர் குறித்த அளவு உற்பத்தி தர ‘ஷல்’. கூடுதல் எந்திரம் பார்க்க ‘ஷல்’. மேற்பார்வையாளருக்குக் கீழ்ப்படிய ‘ஷல்’. ஒப்பந்தக் காலத்திலே புதுக் கோரிக்கை எழுப்பாதிருக்க ‘ஷல்’.

கீழே சங்கத்தின் சார்பில் ஐந்து கையெழுத்து. அதிலே ஒன்று நம் தோழருடையது. அதைச் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை போலும்; போகும்போது வாசற்படியிலே நின்று, “நானும் போட்டிருக்கேண்ணே” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஒப்பந்தப் பேச்சு பங்குனியில் தொடங்குகிறதாம். நகல் நம்மிடம் இருக்கிறது. சிவப்புப் பென்சிலால் சுழித்து, பக்கத்திலே தமிழிலும் எழுதிக் கொண்டிருக்கிறோம். நாலாம் பக்கம் முடிந்தது.